அண்டாவுக்குள் இருபத்தாறு டிகிரி

நம் செயற்கைக்கோள் சோதனைக்கூடத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், முதலீடு போட வருகிறவர்கள், அரசாங்க ஆட்கள், யாராக இருந்தாலும். "விண்வெளியில எத்தனை டிகிரி குளிர்?" நீங்கள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. இதற்குள் உங்களிடமும் கேட்டிருப்பார்கள். நீங்களும் மைனஸ் போட்டு ஓர் எண்ணைச் சொல்லியிருப்பீர்கள். எண் கிடைத்தால் ஆட்களுக்குச் சந்தோஷம். போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

நான் எண் சொல்வதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆயின. ஒன்றுமில்லாத இடத்துக்கு என்ன டிகிரி? அங்கே பரவிக் கிடக்கும் மெல்லிய ஒளிக்கு ஒரு கணக்கு உண்டுதான், அதைப் பாடப்புத்தகம் பார்த்துக்கொள்ளும். நம் வேலை பொருள்களோடு. வெயிலில் நிற்கும் தகடு வறுபடும், அதன் நிழலில் இருக்கும் தகடு உறையும், இரண்டுக்கும் நடுவே ஒரு திருகாணிதான் இருக்கும். அவ்வளவு பக்கத்தில் கோடையும் குளிரும். இடையில் சமாதானம் பேசக் காற்று கிடையாது.

இன்னொன்றும் கேட்பார்கள். பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டரில் ஆயிரம் டிகிரியைத் தாண்டுமாமே, செயற்கைக்கோள் உருகிவிடாதா என்று. அவர்களிடம் நம் தாதர் ஸ்டேஷனைச் சொல்லுங்கள். மாலை நெரிசலில் பிளாட்பாரத்தில் யாராலும் ஓட முடியாது, ஆனால் உடம்பெல்லாம் வெந்துபோகும். நள்ளிரவில், காலியான அதே பிளாட்பாரத்தில், கடைசி வண்டியைப் பிடிக்க ஒரே ஒருவன் தலைதெறிக்க ஓடுகிறான். அவன் ஓட்டத்தில் பிளாட்பாரம் சூடாவதில்லை. அவன் வேகம்தான் வெப்பநிலை. கூட்டம் மொத்தமும் உங்கள் மேல் இறக்கிவைப்பது வெப்பம். மேலே, அந்த உயரத்தில், ஓடுகிறவன் வெறிகொண்டு ஓடுகிறான். ஆனால் அவன் தனி ஆள்.

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் மின்னணுப் பெட்டிகள் எரிந்துபோகும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளும் போகும் என்று யாரும் சொல்லவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, எழுந்து, மாட்டுங்கா மார்க்கெட் வரை நடந்து, காய் வாங்காமல் திரும்பி வந்து, மறுபடி உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது.

முதலில் சிரிக்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதில் வருகிற இருவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மும்பையில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு தனிக் கோளாறு உண்டு. புழுக்கம் என்றால் நமக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். தாராவியில் ஏணி ஏறி மேல் அறையில் படுப்பவனுக்கும், மாட்டுங்காவில் மூன்று பக்கம் ஜன்னல் வைத்த பழைய கட்டடத்தில் படுக்கிற எனக்கும் இதில் வித்தியாசமில்லை. கதவைத் திற, ஃபேனைக் கூட்டு. அப்படித்தான் ஒரு சின்னக் கம்பெனி தன் மின்னணுப் பெட்டிக்குள் குட்டி ஃபேன் ஒன்றை வைத்துக் கொண்டுவந்தது. காற்று இருக்கிற சாதாரண மின்னடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தபோது பெட்டி அருமையாகத் தாங்கியதாம்.

அதை எங்கள் அண்டாவில் ஏற்றினோம். ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய, படுக்கவைத்த எஃகுப் பாத்திரம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உட்சுவரில் திரவ நைட்ரஜனை ஓடவிட்டால் விண்வெளியின் பாவனை கிடைக்கும். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. அண்டா என்று கூப்பிட ஆரம்பித்தவர் எங்கள் டெக்னீஷியன் பால்ராஜ். மராத்திக்காரர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

உட்சுவர் மைனஸ் நூற்றைம்பதுக்குப் போய்விட்டது. பெட்டியின் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. கொண்டுவந்த இன்ஜினியர் என் திரையைத் தட்டினார். "சுத்தி இவ்வளவு குளிர். உள்ள எப்படி சூடாகும்? உங்க சென்சர் போயிடுத்து மேடம்."

பால்ராஜ் கண்ணாடித் துளை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "ஃபேன் நல்லாத்தான் சுத்துது மேடம். ஆள் ஏறாத பஸ்ல கண்டக்டர் விசில் ஊதுதான்."

"டிக்கெட்டும் கிழிக்கான் அத்தான்," என்றான் செல்வின்.

பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினேன். இன்ஜினியர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். மறுநாள் திறந்தபோது மின்சுற்றுப் பலகையில் ஒரு மூலை கருகியிருந்தது. வீசக் காற்று இல்லாத இடத்தில் ஃபேன் வெறும் சுழற்சி. அங்கே சூடு வெளியேற, தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தின் வழியாகக் கடந்து போக வேண்டும். அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒளியாகக் கிளம்பி, எதிரே நிற்கும் குளிர்ச்சுவரில் போய் விழ வேண்டும். சுவர் அதை வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்வது மட்டும்தான் சுவரின் வேலை.

இந்தச் சம்பவத்தில் கற்றுக்கொள்ள ஒன்றுதான் உண்டு. ஒருவர் கருவி பொய் சொல்கிறது என்றால், அது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவர் ஏன் விரும்புகிறார் என்று பாருங்கள். அதற்குள் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

பால்ராஜும் செல்வினும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். இருவரும் பிறந்தது இங்கேதான், சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில். செல்வினின் அக்கா எஸ்தரைப் பால்ராஜ் கட்டியிருந்தார். அத்தானும் மைத்துனனும் ஒரே ஷிஃப்ட், ஒரே டிபன் கேரியர், ஆளுக்குப் பாதி மீன்குழம்பு. செல்வினுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் பால்ராஜ்தான். கனத்த உடம்பு அவருக்கு. ஜனவரியிலும் வியர்க்கும். தோளில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு துண்டு. "எவனோ என் மேல குழாயைத் தொறந்து வச்சிட்டுப் போயிட்டான் மேடம், மூடத்தான் வரல," என்பார். வீட்டில் தரையில் தண்ணீர் தெளித்து அதன் மேல் படுப்பாராம். சோதனை முடிந்து அண்டாவின் கதவைத் திறக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றுகொள்வார். "ஏல மாப்ள, ஒங்க அக்காவை இங்க கூட்டிட்டு வந்திருவமா? இவ்ளோ பெரிய வீடு, வாடகையும் இல்ல."

கதவைத் திறப்பதில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்களின் காலத்திலேயே வந்தது, கட்டடத்தோடு சேர்ந்து வந்தது போல. சோதனை முடிந்ததும் சுவரைச் சூடாக்குவோம். அண்டாவுக்குள் மும்பைக் காற்றை நேரடியாக விட முடியாது. இந்த ஊர்க் காற்றில் பாதி தண்ணீர். சில்லிட்ட பொருளின் மேல் பட்டால் உள்ளே மழையே பெய்துவிடும். அதனால் ஈரமே இல்லாத நைட்ரஜன் வாயுவை நிரப்புவோம். உட்சுவர் அறைச் சூட்டுக்கு வந்ததும் கதவுக்கு மேலே, டிகிரி காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு எரியும். திறப்போம். பெரிய ஊதுகுழல் ஃபேனை வாசலில் வைத்து ஓடவிடுவோம். டீ குடித்துவிட்டு வந்து உள்ளே போவோம்.

இதில் ஊதுவதும் டீ குடிப்பதும்தான் எங்களைக் காப்பாற்றி வந்தன. எங்களுக்கு அது தெரியாது. பச்சை விளக்கு காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த விளக்குக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தது ஒரே ஒரு கேள்வி: எத்தனை டிகிரி?

வாசலுக்குப் பக்கத்தில் கனத்த கோட்டுகளும் முழங்கை வரை வரும் கையுறைகளும் தொங்கும். மூச்சுவிடும் சிலிண்டர்க் கருவி கீழே, கேட்டுக்குப் பக்கத்தில், தீயணைப்புச் சாமான்களோடு இருக்கும். காரணம் எளிது. எங்கள் எல்லார் மனதிலும் அண்டாவின் பல் குளிர்தான். நாள் முழுக்கக் குளிரை அளந்துகொண்டிருப்பவர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

அன்று ஜூலை மாதம். செம்பூர்ப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் நின்றதால் பாதிப் பேர் வரவில்லை. உள்ளே இருந்தது ஒரு சின்னச் செயற்கைக்கோளின் கேமரா. அன்றே பெட்டியில் அடைத்து அனுப்பியாக வேண்டும். அதைக் கொண்டுவந்த பெண், வயது இருபத்தைந்துகூட இருக்காது, கையைப் பிசைந்துகொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தார்கள். செல்வின் ஊதுகுழலை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ப்ளோயர் மத் சலாவோ, ப்ளீஸ்," என்றாள் அவள். இந்த ஈரக்காற்றை என் கேமராவின் மேல் ஊதாதீர்கள், கண்ணாடியில் ஈரம் பூத்துவிட்டால் எல்லாம் போய்விடும். நியாயமான பயம். வெளியே சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தது.

நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். ஒலிபெருக்கியில், "ஊதாம யாரும் உள்ள போக வேண்டாம், நான் வரேன்," என்று வழக்கத்துக்காகச் சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் கேமராவுக்கு உறை போட்டு மூடிவிட்டு ஊதலாம் என்பது என் எண்ணம். உறையைப் போட யாராவது உள்ளே கை நீட்ட வேண்டும் என்பது பால்ராஜின் எண்ணமாக இருந்திருக்கும். அவர் கதவுக்கு மேலிருந்த எண்ணைப் படித்தார். "இருபத்தாறுதான் மேடம். எங்க வீட்டை விடக் கம்மி. ஒரு நிமிசம்." உறையை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து உள்ளே போனார்.

இரண்டடி வைத்தார். மூன்றாவது அடியை வைக்க மறந்தவர் போல நின்றார். பிறகு ஓசையில்லாமல் சரிந்தார். கையைத் தொண்டைக்குக் கொண்டுபோகவில்லை. இருமவில்லை. நாம் விடும் மூச்சில் பெரும்பகுதி நைட்ரஜன்தான். நுரையீரலுக்கு அது அந்நியமில்லை. வழக்கமான விருந்தாளி தனியாக வந்திருக்கிறார், உடன் வரவேண்டிய ஆக்சிஜன் வரவில்லை, அவ்வளவுதான். உடம்பு சந்தேகப்படுவதில்லை.

"குளிர் அடிச்சிருச்சி!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் கோட்டுகளை நோக்கி ஓடினார்கள். யோசித்துப் பாருங்கள். எண் இருபத்தாறு காட்டுகிறது. எல்லாருக்கும் அது தெரிகிறது. ஆனாலும் ஓடியது கோட்டுகளுக்கு. விண்வெளி என்றால் உறைந்துபோவது என்று சின்ன வயதிலிருந்து கேட்ட கதை, கண் முன்னால் எரியும் எண்ணைவிடப் பெரியதாக இருந்தது.

செல்வின் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தபடியே வாசலுக்குப் பாய்ந்தான். அதற்குள் நான் அங்கே வந்துவிட்டேன். தொங்கிய இன்னொரு கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க மேடம். அத்தான் கெடக்காரு."

"நீ போகப்படாது. உள்ள காத்து இல்ல."

"மூச்சைப் புடிச்சிட்டுப் போறேன்."

"தூக்கும்போது மூச்சு விடுவே. நில்லு."

நம் ஊரில் கட்டர் என்கிற சாக்கடைக் குழியில் ஒருவன் இறங்கி விழுவான். அவனைத் தூக்க அடுத்தவன் இறங்குவான். பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம், செத்தது ஒருவர் என்று வருவதே இல்லை. அந்தக் கணத்தில் என் தலையில் இருந்தது அந்தச் செய்திகள் மட்டும்தான், நான் படித்த இயற்பியல் அல்ல. செல்வின் இழுத்த இழுப்பில் கோட்டின் தோள் தையல் பிரிந்தது. என் கையில் நகம் பெயர்ந்தது பிறகுதான் தெரிந்தது. அவனைப் பிடித்துக்கொண்டே, ஊதுகுழலைப் போடு, கீழேயிருந்து சிலிண்டரைக் கொண்டு வா, கொக்கியை எடு என்று கத்தினேன். அண்டாவின் தட்டை வெளியே இழுக்க ஒரு நீளமான கொக்கிக் கம்பி உண்டு. பால்ராஜின் கால்கள் வாசல் பக்கமாக இருந்தன. கொக்கி இரண்டு தடவை நழுவியது. மூன்றாவதில் பெல்ட் மாட்டியது. ஊதுகுழல் அலறிக்கொண்டிருந்தது. கேமரா கண்ணாடியில் ஈரம் பூத்தது. அந்தப் பெண் அதைப் பார்க்கவில்லை, சுவரோரம் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

வெளியே இழுத்தோம். நெஞ்சை அழுத்தினேன். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. நெற்றியில் வியர்வைகூட இருந்தது. தண்ணீர் நின்ற சாலையில் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வெளியே வந்து, எங்களில் யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

விசாரணை வைத்தார்கள். இறந்தவரின் கவனக்குறைவு என்று முடிக்கப் பார்த்தார்கள். விளக்கு பச்சையாக இருந்தது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்கள் களைத்துப்போகும் வரை சொன்னேன். இப்போது உங்கள் கதவுக்கு மேல் இரண்டு விளக்குகள் இருக்கின்றன அல்லவா, ஒன்று டிகிரிக்கு, ஒன்று ஆக்சிஜனுக்கு. சிலிண்டர் வாசலிலேயே தொங்குகிறது அல்லவா. அந்த இரண்டாவது விளக்கு பால்ராஜ்.

சாவு சீத்தா கேம்புக்குள் வேறு உருவத்தில் போய்ச் சேர்ந்தது. ராக்கெட் மிஷினில் ஆள் உறைந்துவிட்டாராம். ஐஸ்கட்டியாக எடுத்தார்களாம். மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். அடக்கத்தன்று சவப்பெட்டியை மூடும் முன் எஸ்தர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். கம்பளி. நல்ல தடிமனான, மெரூன் நிறக் கம்பளி. இந்த ஊரில் யார் கம்பளி போர்த்துகிறார்கள்? செம்பூர் ஸ்டேஷன் பக்கம் தேடித் தேடி வாங்கியிருக்கிறாள். கணவனின் மார்பிலிருந்து பாதம் வரை அதைப் போர்த்தி, ஓரங்களைக் குழந்தைக்குச் செய்வது போலச் செருகினாள். பாஸ்டர் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஜூலைப் புழுக்கத்தில் எங்கள் எல்லாருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது.

செல்வின் பெட்டியைத் தூக்கத் தோள் கொடுக்கப் போனான். எஸ்தர் அவன் கையைத் தட்டிவிட்டாள். பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் வந்து தூக்கினான்.

பிறகு பல வாரங்கள் செல்வின் என்னிடம் பேசவில்லை. வேலைக்கு வருவான், அண்டாவின் பக்கம் வரமாட்டான். ஒருநாள் மதியம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"நீங்க புடிச்சதுக்கு நன்றி சொல்ல வரல."

"தெரியும். உட்காரு."

"அக்கா என்னைய வீட்டுப்படி ஏற விடமாட்டேங்கா. குளிருக்குப் பயந்தவன்னு சொல்லுதா. ஒரு கோட்டைப் போட்டுட்டு உள்ள போயி ஒரு இழுவை இழுத்திருந்தா அவரு பொழச்சிருப்பாராம். நான் கோட்டைப் போட்டுட்டு வெளியவே நின்னேனாம். பிள்ளைகளை எங்கூடப் பேசவிட மாட்டேங்கா." மேசை விளிம்பை விரலால் தேய்த்தான். "நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க வந்து சொல்லுங்க. எனக்கு அக்காவை விட்டா யாரு இருக்கா?"

அவனுக்கு வேண்டியிருந்தது அந்தப் படிதான். அம்மா அப்பா போன பிறகு அவன் சாப்பிட்டது, தூங்கியது, சண்டை போட்டது எல்லாம் அந்த வீட்டில். அதை மூடியிருந்தது ஒரு தப்பான எண்ணம். விண்வெளி பற்றிய, உலகம் முழுக்க இருக்கிற, சாதாரணமான தப்பு. பள்ளிக்கூடத்தில் என்றால் அதற்கு ஒரு மதிப்பெண் குறைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். மழை. மான்கூர்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து, அது நின்ற இடத்திலிருந்து நடந்து, இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. எஸ்தர் கதவைத் திறந்தாள். என்னை மட்டும் பார்த்து, "வாங்க மேடம்," என்றாள். செல்வின் கூரைத் தகரத்தின் ஒழுகலுக்குக் கீழே வெளியிலேயே நின்றான். குடை கொண்டுவரவில்லை.

அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பால்ராஜின் துண்டுகள் இரண்டும் துவைத்துக் கொடியில் கிடந்தன. தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"எவ்ளோ குளிரு மேடம் உள்ள?"

"குளிரே இல்ல எஸ்தர்."

"ஐஸா இருந்தாருன்னு சொன்னாவளே."

"யார் சொன்னாலும் தப்பு. அன்னிக்கு உள்ள ஏசி போட்ட பேங்க் மாதிரி இருந்தது. அவர் போனதே அதனாலதான். எண்ணைப் பாத்துட்டு, வீட்டை விடக் கம்மின்னு சிரிச்சிண்டே போனார்."

"பொறவு எதுக்கு இவன் கோட்டு போட்டான்?"

"அவனும் குளிர்னுதான் நெனச்சான். அங்க இருந்த எல்லாரும் அப்படித்தான். ராக்கெட்டு, ஆகாசம்னாலே குளிர்தான் கொல்லும்னு நமக்கெல்லாம் ஒரு நெனப்பு. நெஜமான ஆகாசத்துலகூட ஆள் ஒடனே ஒறைஞ்சு போறதில்ல. ஒடம்புலேர்ந்து சூட்டை எடுத்துண்டு போக அங்க காத்தே கெடையாது. மெதுவாத்தான் ஆறும். அதுக்கு முன்னாடி மூச்சு போயிடும்."

"மூச்சா?"

"உள்ள வேற வாயு நிரப்பியிருந்தது. வாசனை கெடையாது, எரிச்சல் கெடையாது. கட்டர்ல எறங்கறவாளுக்கு ஆகறதே, அந்த மாதிரி. ஆனா கஷ்டம் தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி."

கட்டர் என்றதும் அவள் நிமிர்ந்தாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "எங்க பின்னால லைன் வீட்டுலயும் அப்டித்தான்," என்றாள் மெதுவாக. "மொதல்ல அண்ணன் எறங்கினான். அவனைத் தூக்குறேன்னு தம்பி." நிறுத்தினாள். வாசலைப் பார்த்தாள். கதவிடுக்கில் செல்வினின் நனைந்த முதுகு தெரிந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது.

பிறகு அவள் கேட்டது, நான் எதிர்பார்க்காத கேள்வி.

"அப்போ அந்தக் கம்பளி?"

நான் காலித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"நல்ல கனமாப் பாத்து வாங்கினேன் மேடம். கடைக்காரன் சிரிச்சான். குளிரு போவட்டும்னு இறுக்கிச் செருகினேனே." கொடியில் கிடந்த துண்டைப் பார்த்தாள். "வேக்காடு தாங்கவே மாட்டாரு மேடம் அவரு. ஃபேனு நின்னா பிள்ளை மாதிரி அழுவாரு."

சொல்வதற்கு என்னிடம் உண்மைகள் இருந்தன. மண்ணுக்குள் என்ன சூடு, உயிர் போன உடம்புக்கு என்ன தெரியும் என்று. எல்லாம் சரியான உண்மைகள். ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. தப்பான எண்ணத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் சரியான எண்ணம் வந்து உட்காரும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். முதலில் அங்கே வந்து உட்காருவது வேறு ஒரு வலி.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் மாறிவிட்டது.

"வெளிய எடுத்தப்போ ஒடம்பு சூடா இருந்திச்சா?"

"இருந்தது."

"நீங்க தொட்டியளா?"

"நான்தான் நெஞ்சை அழுத்தினேன்."

"சூடு இருக்கையிலயே நீங்க வெளிய நின்னிய."

"ஆமாம்."

"ஓடினவனையும் புடிச்சி நிறுத்தினிய."

"ஆமாம். அவன் ஒரு க்ஷணம்கூட நிக்கலை. கோட்டுத் தையல் பிரியற வரைக்கும் இழுத்தான். பயப்படலை. நான்தான் விடலை."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அத்தனை வாரமும் தம்பி மேல் இருந்தது என் பக்கம் திரும்பியதை நான் உணர்ந்தேன். அடுப்புக்கு எதிரே நிற்கிறவருக்கு முகத்தில் தெரியுமே, அப்படி. நகர வேண்டும் போலிருந்தது. நகரவில்லை. அவனை விட்டிருந்தால் இரண்டு பெட்டி வாங்கியிருப்பாய் எஸ்தர் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கே அது தெரியும். அதை அவள் தன் வாயாலேயே சொல்லியாயிற்று. தெரிந்த பிறகும் ஒருவர் மேல் கோபம் வேண்டியிருந்தது. அது போய் விழ ஓர் இடம் வேண்டியிருந்தது.

"ஏல," என்றாள் வாசலைப் பார்த்து. "நனையாத. உள்ள வா."

செல்வின் வந்தான். படியில் நின்று செருப்பைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டான். அவள் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவன் மேல் எறிந்தாள். "தலையைத் தொவட்டு. சோறு இருக்கு."

பிறகு என்னிடம் திரும்பினாள். நம் வீடுகளில் பகையாளி கிளம்பினாலும் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். அவள், "நீங்க போங்க மேடம்," என்றாள்.

நான் போனேன். மறுபடி அந்த வீட்டுக்குப் போகவில்லை. செல்வின் வேலையை விட்டுவிட்டு எங்கோ லிஃப்ட் பழுது பார்க்கிறான் என்று கேள்விப்பட்டேன். அக்கா வீட்டில்தான் சாப்பிடுகிறானாம். அது போதும்.

உங்களில் ஒருவருக்கு ஒருநாள் இப்படி வரும். எல்லா எண்களும் சரியாக இருக்கும்போது ஒருவர் விழுவார், இன்னொருவர் ஓடுவார். ஓடுகிறவரைப் பிடியுங்கள். கோட்டைப் பிடியுங்கள், முடியைப் பிடியுங்கள், விடாதீர்கள். பிறகு ஆட்டோ பிடித்து அந்த வீட்டுக்குப் போங்கள். உங்கள் நியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்களுக்கு எதிரே உட்காருங்கள். வருவதை வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் போங்கள் என்று சொல்லும் வரை எழுந்திருக்காதீர்கள்.